உறவுமுறைப் பட்டியல்

ஏழாம் மாடியில் என் மேசை.
ஜன்னலுக்குக் கீழே பேர வாவி.
கூழைக்கடா ஒன்று யாரிடமும் அனுமதி கேளாமல்
இறங்குகிறது, எழும்புகிறது.
எனக்கோ வெள்ளிக்கிழமைக்குள்
முப்பத்தெட்டுப் பக்கக் கொள்கைக் கையேட்டைத்
தமிழில் கொடுத்தாக வேண்டும்.

இவ்வருடப் போக்கு பரிவு என்கிறது
சிங்கப்பூர் ஆலோசகரின் அறிக்கை.
பரிவுள்ள கந்தோரை விட்டு
ஆட்கள் கனடாவுக்குப் போவது
நூற்றுக்குப் பதினொன்று குறையுமாம்.
ஆகவே இனி
செத்தவீட்டு லீவு என்று யாரும் சொல்லக் கூடாது.
துயர்பகிர் விடுப்பு.

நெருங்கிய உறவுக்கு மூன்று நாள்,
ஏனையோருக்கு ஒரு நாள்.
ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல்லாக நின்ற பெண்
என் பக்கத்துக்கு வந்ததும்
சித்தி, பெரியம்மா, மாமி, அத்தை என்று
நாலு பேராய்ப் பிரிந்து
ஆளுக்கொரு கதிரை கேட்டாள்.

(நான் வேலைக்குச் சேர்ந்த வருடம்
என் பெரியம்மா போனா.
காய்ச்சல் என்று எழுதித்தான் லீவு எடுத்தேன்.
காய்ச்சலுக்கு அத்தாட்சி இலேசு:
மருதானையில் ஒரு டொக்டர், முந்நூறு ரூபாய்.)

முகாமையாளர் வெத்தசிங்கவிடம் கேட்டேன்.
தன் பக்கத்திலும் இதே கரைச்சல்தான் என்று சிரித்தார்.
அவருக்கு நேந்தா ஒருத்தி, லொக்கு அம்மா ஒருத்தி.
"மற்றவை என்று ஒரு கட்டம் போடுங்க, போதும்."
போட்டேன்.

அந்த வாரம்தான்
களஞ்சியத்து மரியசீலன்
படிவத்தை நாலாய் மடித்துக்கொண்டு வந்து நின்றார்.
இறந்தவர் பெயர்: முகம்மது நஸ்மிர்.
உறவுமுறை: எதுவும் எழுதவில்லை.

கொட்டாஞ்சேனையில் ஒரு போர்டிங் அறை.
இரண்டு கட்டில், ஒரு விசிறி,
பதினாலு வருடம்.
விசிறி யார் பக்கம் திரும்புவது என்பதில் மட்டும்
சண்டை வருமாம்.
நோன்பு மாதத்தில் சஹருக்கு அலாரம் வைப்பது
இவருடைய ஃபோனில்;
அந்த மனுஷனின் ஃபோனில் பற்றரி நிற்காது.
இரவு இரண்டு மணிக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு
எழும்பி உட்கார்ந்திருக்கிறார்.
ளுஹருக்குப் பிறகு குப்பியாவத்தையில் அடக்கம்.

விண்ணப்பம் ஒரு கிழமைக்கு முன் தரவேண்டும்.
இல்லை, அது வருடாந்த லீவுக்கு.
இதற்கு, நிகழ்ந்து நாற்பத்தெட்டு மணித்தியாலத்துக்குள்.
அதற்குள் வந்திருந்தார்.
ஒழுங்கான மனுஷன்.

சகோதரன் என்று நானே எழுதினேன்.
என் கையெழுத்து, நீல மை.
கணினி திருப்பி அனுப்பியது:
தகப்பன் பெயர் பொருந்தவில்லை,
உறவை நிறுவும் ஆவணத்தை இணைக்கவும்.

மற்றவை என்ற கட்டத்தை அழுத்தினேன்.
விளக்கம் கேட்டது, நாற்பது எழுத்துக்குள்.
ஒரே அறையில் பதினாலு வருடம்.
விரல் விட்டு எண்ணினேன்,
பதினாலு எழுத்துத்தான்.
இன்னும் இருபத்தாறு மிச்சம் இருந்தது,
என்ன சேர்ப்பதென்று தெரியவில்லை.
அனுப்பினேன்.

மூன்றாம் நாள் பதில்.
சிங்கப்பூரில் யாரோ மிகப் பணிவாகக் கேட்டிருந்தார்:
அந்த அறை நிறுவனம் வழங்கிய தங்குமிடமா?

"விடுங்கோ மிஸ்" என்றார் மரியசீலன்.
அவர் அப்போது பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.
நான் கூப்பிட்டதில் எண்ணிக்கை தவறி
முதலிலிருந்து தொடங்கினார்.

கையேடு வியாழனே முடிந்துவிட்டது.
முகப்பில் மூன்று மொழியிலும் பரிவு.
வெத்தசிங்க கேக் வெட்டினார்,
களஞ்சியத்துக்கும் ஒரு துண்டு
கடதாசியில் சுற்றிப் போனது.

மாத முடிவில் லீவுப் பதிவைச் சரிபார்த்தேன்.
மரியசீலனின் வருடாந்தக் கணக்கில்
அரை நாள் குறைந்திருந்தது.
காரணம் என்ற இடத்தில்
சாய்ந்த, நெருக்கமான எழுத்தில்:
ஒரு கட்டிலைக் கழற்றிக் கீழே இறக்க வேண்டும்.

அனுமதித்தவர் நான்.
வாசிக்காமலே கையெழுத்திட்டிருக்கிறேன்.